செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது

ஜூன் 24, திங்கள்

இன்று கல்லூரியில் பெஞ்ச் மாறிவிட்டது. மரப் பெஞ்சு அல்ல. பாடம் ஏற்றுவது, தேர்வு வைப்பது, விடை திருத்துவது எல்லாம் நடக்கிற இணைய மென்பொருளுக்கு யாரோ வைத்த பெயர் அது. இலவசம் என்பதால் எங்கள் கல்லூரி சில வருஷங்களுக்கு முன் எடுத்துக்கொண்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பார்க்கவில்லை, அது எனக்கு நன்றாகவே கறந்தது.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சுயநிதிப் பிரிவில் வரலாறு நடத்துகிறேன். பெஞ்ச் வருவதற்கு முன்பெல்லாம் விடைத்தாளை யாராவது வாசிப்பார்கள், நான் மதிப்பெண் சொல்வேன், அவர்கள் எழுதுவார்கள். எந்தப் பிள்ளை என்ன எழுதியது என்று எனக்கு நேராகத் தெரிந்ததில்லை. பெஞ்ச் வந்தபின் பிள்ளைகள் லேபில் தட்டச்சு செய்தார்கள், என் மடிக்கணினியில் இருக்கும் ஸ்க்ரீன் ரீடர் அதை எழுத்துப் பிசகாமல் வாசித்தது. ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு பெண் குரல். என் மனைவி ரேணுகா அதற்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இன்று புதிய பதிப்பில் திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். சின்ன வீடு சொன்னது: “பட்டன். பட்டன். பட்டன்.” விடையும் இல்லை, மதிப்பெண் பெட்டியும் இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கும் ஜெபக்கனியைக் கூப்பிட்டேன்.

“சார், மார்க் போடுறதக் கலர் கலரா கட்டமா ஆக்கிட்டாங்க. விடைய ஒரு பக்கமா வச்சிட்டு கட்டத்தத் தொட்டா போதும். பாக்க அழகா இருக்கு சார்.”

“யாரு இப்படி ஆக்கச் சொன்னது?”

“கம்யூனிட்டி சார். இத யூஸ் பண்றவங்க எல்லாரும் ஒரு மன்றத்துல பேசி, வோட்டுப் போட்டு, எது அதிகமோ அதத்தான் செய்வாங்க. ஒலகம் பூராவும் வாத்தியாருங்கதான் சார், கம்பெனி கெடையாது.”

விடையைத் தனியே இறக்கித் தர முடியுமா என்று கேட்டேன். வினா வெளியே போய்விடும் என்று நிர்வாகம் அந்த வசதியை நிறுத்தி வைத்திருக்கிறதாம். ஆக, உலகத்து வாத்தியார்கள் எல்லாம் சேர்ந்து அழகாக இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

ஜூன் 27, வியாழன்

மன்றத்தில் சேர்ந்தேன். சேருவதற்குமுன் ஒரு படத்தைக் காட்டி, அதில் எங்கெல்லாம் சைக்கிள் இருக்கிறது என்று தொடச் சொன்னது, நான் ரோபோ அல்ல என்று நிரூபிப்பதற்காக. ரேணுகாவைக் கூப்பிட்டேன். அவள் தொட்டுக் கொடுத்து என்னை மனிதனாக்கினாள்.

பிறகு ஒரு கடிதம் எழுதினேன். மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியே பழகிய கை. மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர் என்று தொடங்கி, பார்வையற்றோர் பள்ளியில் படித்தது, முனைவர் பட்டம், பட்ட பாடு எல்லாம் எழுதி, தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்று முடித்தேன். நல்ல ஆங்கிலம். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஜூலை 1, திங்கள்

பதில் வந்தது. இங்க்ரிட் என்ற அம்மாள், எங்கோ குளிர் தேசத்தில் பள்ளி ஆசிரியை, மன்றத்தை ஒழுங்குபடுத்துகிறவர்களில் ஒருத்தி. சம்பளம் கிடையாதாம். “உங்கள் கடிதத்துக்கு நன்றி. ஆனால் இதை வைத்து யாராலும் வேலை செய்ய முடியாது. தயவுசெய்து மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் நாற்பத்தாறு வருஷக் கதையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாளே என்று காலையெல்லாம் கோபம். மத்தியானம் சாப்பிட்டபின் எழுதினேன்.

செய்தது: திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். எதிர்பார்த்தது: மாணவரின் விடை வாசிக்கப்படும், மதிப்பெண் தர முடியும். நடந்தது: பட்டன், பட்டன், பட்டன்.

எழுதி முடித்ததும் ஒன்று புரிந்தது. என் கடிதத்தில் இந்த மூன்றும் எங்குமே இல்லை.

ஜூலை 4, வியாழன்

என் புகார் ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் ஏற்பது வேறு, செய்வது வேறு. ஆகஸ்ட் கடைசிக்குள் போதுமான வோட்டு விழுந்தால் டிசம்பர் பதிப்பில் சரிசெய்வார்கள். வோட்டு இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம். எனக்கு விழுந்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும். பக்கத்தில் ஒரு கோரிக்கை, நாட்காட்டியின் நீலத்தை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்க வேண்டும் என்று. அதற்கு வோட்டு மழை.

ரேணுகாவிடம் சொன்னேன். அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளின் எடை, உயரம், சாப்பிட்ட முட்டை எல்லாவற்றையும் போன் ஆப்பில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

“ஒங்களையாச்சும் கேக்குறாக. எங்க ஆப்ப மாத்துறப்ப எங்கள ஒரு வார்த்த யாரு கேட்டா? பிள்ளைக்குச் சோறு ஊட்டுறதா, போட்டோ பிடிக்கிறதா?”

அது நியாயம்தான். பிறகு வழக்கம்போல் பேப்பர் வாசித்தாள். அவள் வாசிக்கும் பேப்பரில் தினமும் ஏதாவது ஒரு நல்ல செய்தி இருக்கும். சுயநிதி ஆசிரியர்கள் பற்றி அரசு பரிசீலிக்கிறதாம்.

ஜூலை 18, வியாழன்

முதல் உள்தேர்வு முடிந்தது. வேறு வழியில்லை, ரேணுகாதான் வாசித்தாள். என் கணக்கில் நுழைந்து அவள் வாசிக்க, நான் மதிப்பெண் சொல்ல, அவள் கட்டத்தைத் தொட்டாள். இது வெளியே தெரிந்தால் வம்பு. பழைய நாள் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்தேன், ஆனால் இன்று மாலை சந்தோஷமாகவே போனது.

போன வருஷம் நானே கேட்டுத் திருத்தியபோது பல நாள் சோறு இறங்காது. இரண்டு வாரம் தொண்டை வற்ற நடத்தியது இவர்கள் கையில் போய் இப்படியா ஆகும் என்று இருக்கும். ரேணுகா அந்தக் குரலைத் திட்டுவாள். “அந்தச் சின்ன வீடு எதையாச்சும் சொல்லிரும், நீங்க தட்டத் தள்ளிருவீக.”

இந்த முறை எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். பத்துக்கு ஏழு, எட்டுக்குக் குறைந்து யாருக்கும் போட மனம் வரவில்லை. மகாலட்சுமி மட்டும் ஏனோ சுருக்கமாக எழுதியிருக்கிறாள். அவள் முறை வந்தபோது குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது, ரேணுகா கடகடவென்று வாசித்து முடித்தாள். எட்டு.

ஆச்சரியம் வனராஜ்தான். இருக்கன்குடிப் பக்கத்துப் பையன். முதலாண்டில் இருந்தே தெரியும், பேசுவது போலவே எழுதுவான், அதுவும் இரண்டு வரி. இன்று வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை எழுதியிருக்கிறான்: “தலைப்பாகை என்பது சிப்பாயின் தலையில் இருந்த துணி மட்டுமல்ல, ஊரில் அவன் வீட்டாருக்கு இருந்த மரியாதை.” திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பையன் தேறிவிட்டான். எட்டு போட்டேன்.

“இப்பப் பாருங்க ஒங்க மொகத்த,” என்றாள் ரேணுகா. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

மகாலட்சுமி துறைக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள். முதல் மதிப்பெண் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

“சார், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நான் அஞ்சு பக்கம் டைப் பண்ணேன். எனக்கும் எட்டு, வனராஜுக்கும் எட்டு.”

“அவன் நல்லா எழுதியிருந்தாம்மா.”

“சரிங்க சார்,” என்று போய்விட்டாள். ஐந்து பக்கம் என்றாளே என்பதுதான் மனத்தில் நிற்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

மாலையில் ரேணுகாவிடம் மகாலட்சுமியின் விடையை மறுபடி வாசிக்கச் சொன்னேன். நிதானமாக வாசி என்றேன். வாசித்தாள். நீளமான விடைதான். நடுவில் வந்தது அந்த வரி, தலைப்பாகை, துணி மட்டுமல்ல, வீட்டாரின் மரியாதை.

“நிறுத்து. இது வனராஜ் எழுதினதுல்ல?”

அவள் நிறுத்தினாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அந்தப் பெண் எழுதியதைப் பார்த்து அடித்திருக்கிறான், நான் அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லி ரசித்திருக்கிறேன். கண் தெரியாதவனை ஏமாற்றுவது சுலபம் என்று நினைத்திருப்பான். அவனுக்குப் பூஜ்யம் போடு என்றேன்.

“வேண்டாங்க. சின்னப் பய. விட்ருங்க.”

“நாளைக்கு எல்லாரும் இதத்தான் செய்வாங்க. போடு.”

“நான் வேணா அவன் பேப்பர இன்னொரு தடவ வாசிக்கட்டுமா?”

“எத்தன தடவ வாசிச்சாலும் அவன் எழுதுனதுதான இருக்கும்? பூஜ்யத்தத் தொடு.”

தொட்டாள். மகாலட்சுமிக்கு ஒன்பதரை. ரேணுகாவுக்குத் தலைவலி, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அங்கன்வாடியில் இந்த வாரம் ஆய்வு என்றாள், அதனால் இருக்கும்.

ஜூலை 25, வியாழன்

வகுப்பு முடிந்ததும் வனராஜை நிற்கச் சொன்னேன். எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுக்கவில்லை.

“பாத்து எழுதுறதுக்கு வெக்கமா இல்ல?”

“நான் யாரயும் பாத்து எழுதல சார்.”

“அப்ப அந்தத் தலைப்பாக வரி எங்கேருந்து வந்துச்சு?”

“எந்த வரி சார்?”

அந்தக் கேள்வியைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் செருப்புச் சத்தம் வராந்தா முனைவரை கேட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வோட்டு நகரவில்லை. வெள்ளரிக்காய் வாங்கினேன், கசந்தது. வனராஜ் வகுப்புக்கு வருவதில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பொருளியல் துறை அமலதாஸ் வந்தார். ஆசிரியர் சங்கச் செயலாளர். சங்கம் என்றால் கையெழுத்து, கையெழுத்து என்றால் அமலதாஸ். தண்ணீர் வரவில்லை என்றாலும் சம்பளம் வரவில்லை என்றாலும் அவர் பையில் இருந்து ஒரு வெள்ளைத்தாள் வெளியே வரும்.

“சீனி சார், ஒங்களுக்கு வோட்டுதான வேணும்? இங்கனக்குள்ள இத்தன பிள்ளைக இருக்கு. அத விட்டுட்டு வெள்ளக்காரன்ட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கீக.”

“பிள்ளைங்க அந்த மன்றத்துல இல்லயே தோழர்.”

“சேத்துருவோம். அவுகளும் அந்தப் பெஞ்சுலதான படிக்கிறாக? பயன்படுத்துறவனுக்கு வோட்டு உண்டுன்னு நீங்கதான சொன்னீக?”

சட்டப்படி பேச்சில் தப்பு இல்லை. பிற்பகல் லேபில் முதலாண்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார். ஜெபக்கனி கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். அமலதாஸ் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்: எங்கள் ஆசிரியருக்காக இதைச் சரிசெய்யுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து அடித்தார்கள். ஒரு தொகுதி எழுந்து போக, அடுத்த தொகுதி உட்கார்ந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருந்தது. நான் வாசலில் நின்றேன். போகும்போது ஒவ்வொருவரும் “போட்டாச்சு சார்” என்றார்கள். நூறைத் தாண்டிவிட்டது.

நான் அழுததாக அமலதாஸ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூசி விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் மன்றத்தைத் திறந்தேன். என் புகாரைப் பூட்டியிருக்கிறார்கள். கீழே இங்க்ரிட் அல்லாத வேறு ஒருவரின் குறிப்பு: “ஒரே முகவரியில் இருந்து, ஒரே பிற்பகலில், ஒரே வாக்கியத்துடன் தொடங்கப்பட்ட கணக்குகள். இவை மனிதர்கள் அல்ல என்று கருதுகிறோம். எல்லா வோட்டுகளும் நீக்கப்பட்டன. புகார் அளித்தவரின் கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது.” பிள்ளைகள் போடுவதற்கு முன்னால் இருந்த அந்த நாலைந்து வோட்டும் சேர்ந்து போய்விட்டது.

அமலதாஸிடம் சொன்னேன். பையைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது, தாள் வெளியே வரவில்லை.

“ஒரே வாக்கியமா எழுதுனா ஒத்துமைன்னுதான சார் அர்த்தம். அவனுக்கு அது ரோபோவா?”

ஆகஸ்ட் 23, வெள்ளி

முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனிதர், டீ வரவழைத்துவிட்டுத்தான் பேசினார்.

“சீனிராஜ் சார், அந்த சாஃப்ட்வேர்ல சரிபண்ண மாட்டாங்களாமே. நம்ம காலேஜையே ரோபோன்னு சொல்லிட்டாங்கன்னு செக்ரட்டரிக்குப் போயிருச்சு. வீட்ல யாரோ ஒங்களுக்கு மார்க் போட்டுத் தர்றாங்கன்னும் பேச்சு. நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம். இனிமே திருத்துறத வேற ஆளு பாத்துக்கட்டும்.”

“வகுப்பு?”

“திருத்துறவங்கதான் வகுப்பும் எடுக்கணும்னு பெஞ்சுல இருக்குதே சார். ஒங்கள மாணவர் ஆலோசனை மையத்துல போட்டுருக்கோம். தனி ரூம், ஃபேன் எல்லாம் இருக்கு. அடுத்த வருஷம் என்னன்னு அப்பப் பாப்போம்.”

டீயில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் என் கணக்கில் நுழைந்தால் ‘ஆசிரியர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். சின்ன வீடு சொன்னது: “விருந்தினர்.”

ரேணுகாவிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னாலதான,” என்றாள். அவளால் எப்படி? மென்பொருளால் வந்தது, அமலதாஸால் வந்தது. அப்படித்தான் சொன்னேன்.

செப்டம்பர் 2, திங்கள்

ஆலோசனை கேட்டு யாரும் வரவில்லை.

செப்டம்பர் 18, புதன்

ஞாயிற்றுக்கிழமை இங்க்ரிட்டிடம் இருந்து தனி அஞ்சல் வந்தது. “அந்தக் கணக்குகள் மனிதர்களா? எனக்கு நேராகச் சொல்லுங்கள்.”

மூன்று நாளாக மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தேன். இன்று அனுப்பினேன். அவர்கள் எல்லாரும் மனிதர்கள். சாத்தூர், இருக்கன்குடி, ஏழாயிரம்பண்ணையில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். எங்கள் ஊரில் ஒருவர் கேட்டால் கிடைக்காது, அதனால் எல்லாரும் சேர்ந்து ஒரே வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போடுவோம். ஆளுக்கொரு விதமாக எழுதினால் ஒற்றுமை இல்லை என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். நாங்கள் செய்தது இதுதான். எதிர்பார்த்தது உதவி. நடந்தது உங்களுக்கே தெரியும்.

அக்டோபர் 9, புதன்

இங்க்ரிட் என் அஞ்சலை, என் அனுமதி கேட்டு, மன்றத்தில் போட்டிருக்கிறாள். பெரிய சண்டை. விதி விதிதான் என்று பாதிப்பேர். கடல் கடந்து எங்கோ பார்வையில்லாத ஆசிரியை ஒருத்தி எழுதியிருக்கிறாள்: “எனக்கும் பட்டன் பட்டன் என்றுதான் சொல்கிறது. நான் ஒருத்தி என்பதால் வோட்டுக் கேட்கவில்லை. பழைய பதிப்பிலேயே ஒளிந்துகொண்டிருக்கிறேன்.” அதற்குக் கீழே இன்னொருவர், இன்னொருவர்.

கடைசியில் விதியை மாற்றிவிட்டார்கள். ஒருவரை முழுவதுமாக வெளியே நிறுத்துகிற குறையாக இருந்தால் இனி அதற்கு வோட்டு வேண்டாம். என் புகாரைத் திறந்துவிட்டார்கள், டிசம்பர் பதிப்பில் சேர்க்கிறார்கள். என் கணக்கையும் பிள்ளைகளின் கணக்குகளையும் விடுவித்துவிட்டார்கள். அமலதாஸ் லேப் வாசலில் நின்று, நாம் ஜெயித்துவிட்டோம் என்றார். ஆமாம் என்றேன். ஆலோசனை மையத்தின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்குப் பிறகு கல்லூரி திறந்தது. ஜெபக்கனி முறுக்கு கொண்டுவந்தாள். பேச்சோடு பேச்சாக, வனராஜ் டி.சி. வாங்கிவிட்டான் என்றாள். சிவகாசியில் ஏதோ அச்சகத்தில் சேர்ந்திருக்கிறானாம், காலண்டர் சீசன்.

வீட்டில் இதைச் சொன்னேன். ரேணுகா அடுப்படியில் இருந்தாள். கரண்டி கீழே விழுந்தது. எடுக்க வெகுநேரம் ஆனது அவளுக்கு.

டிசம்பர் 3, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் தினம். கல்லூரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சை நிறமாம்.

டிசம்பர் 12, வியாழன்

புதிய பதிப்பு வந்துவிட்டது. மன்றத்தில் இருந்து அறிவிப்பு. இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குறை சொன்னவர்தான் சோதித்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று எழுத வேண்டும். அவர் எழுதாவிட்டால் அந்தத் திருத்தத்தை உறுதியாகாதது என்று எடுத்து வைத்துவிடுவார்கள். நான் சொல்லாவிட்டால், பழைய பதிப்பில் ஒளிந்திருக்கும் அந்த ஆசிரியைக்கும் கதவு திறக்காது. ஆனால் நான் விருந்தினர். திருத்தும் பக்கம் எனக்குக் கிடையாது.

ஜெபக்கனியிடம் போனேன். யோசித்தாள். பிறகு லேப் கதவைச் சாத்திவிட்டு, என் மடிக்கணினியில் தன் கணக்கைத் திறந்து, எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

“ஏதாச்சும் ஒரு பழைய டெஸ்ட்ட எடுத்துப் பாருங்க சார். அந்த மார்க்கெல்லாம் யுனிவர்சிட்டிக்குப் போயிருச்சு, என்ன மாத்துனாலும் ஒண்ணும் ஆகாது.”

முதல் உள்தேர்வைத் திறந்தேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, சுத்தமாக, பிசகில்லாமல். மாதக்கணக்கில் அந்தக் குரலில் கேட்காத பெயர்கள். கடைசிப் பெயர் வனராஜ். அவனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று தெரியவில்லை. அந்தத் திருட்டு வரியை இன்னொரு முறை கேட்டு, நான் செய்தது சரி என்று உறுதி செய்துகொள்ளத்தான் இருக்கும்.

சின்ன வீடு வாசித்தது: “வேலூர் கோட்டையில தொப்பி மாத்தச் சொன்னதால சண்ட வந்துச்சு. மீதி படிச்சேன் சார் ஆனா மறந்து போச்சு. அடுத்த பரிச்சைல நல்லா எழுதுறேன் சார்.”

பிறகு, “விடை முடிந்தது,” என்றது. “மதிப்பெண் பெட்டி. பூஜ்யம். மாற்றலாம்.”

முதலில் இருந்து மறுபடி கேட்டேன். அதே மூன்று வரி. ரேணுகா வாசித்த தலைப்பாகை எங்கும் இல்லை. மேலே ஏறிப் போய் இன்னும் நாலைந்து பேருடையதைக் கேட்டேன். யாரும் நன்றாக எழுதியிருக்கவில்லை. நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்ட அன்று, என் பிள்ளைகளில் மகாலட்சுமியைத் தவிர ஒருவருக்கும் பாடம் விளங்கியிருக்கவில்லை.

கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, உடம்பெல்லாம். எந்த வரி சார் என்று கேட்டானே, அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

“என்ன சார், வேல செய்யலயா?” என்றாள் ஜெபக்கனி.

“செய்யுது.”

அவன் பெட்டிக்குத் திரும்பி வந்தேன். மூன்று என்று அடித்தேன். மூன்று வரிக்கு மூன்று. “சேமிக்கப்பட்டது,” என்றது குரல். அங்கிருந்தே மன்றத்தில் எழுதினேன்.

செய்தது: திருத்தும் பக்கத்தைத் திறந்து ஒரு மாணவனின் விடையைக் கேட்டேன். மதிப்பெண்ணை மாற்றினேன்.

எதிர்பார்த்தது: விடை முழுவதும் வாசிக்கப்படும். மதிப்பெண் சேமிக்கப்படும்.

நடந்தது: விடை முழுவதும் வாசிக்கப்பட்டது. மதிப்பெண் சேமிக்கப்பட்டது.

நான் பஸ் ஏறுவதற்குள் இங்க்ரிட்டின் பதில் வந்துவிட்டது. நன்றி, உங்களால் இது நடந்தது, தீர்ந்தது என்று குறித்து மூடுகிறேன் என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். ரேணுகா கதவைத் திறந்தாள்.

“அப்டேட் வந்துருச்சாமே, ஜெபக்கனி போன் பண்ணுச்சு. கேட்டுப் பாத்தீகளா? சின்ன வீடு என்ன சொல்லுச்சு?”

“நல்லா வாசிக்குது,” என்றேன்.

அவள் அசையாமல் நிற்பது தெரிந்தது. நான் செருப்பைக் கழற்றினேன், முகம் கழுவினேன், நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் இன்னும் கதவருகிலேயே நின்றாள். மூச்சு மட்டும் கேட்டது. ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சொன்னபின் இந்த வீட்டில் இரண்டு பேரும் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

“பேப்பர் வாசி,” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாள் பிரியும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். நம்ம பக்கம் இந்த வாரம் நல்ல மழை வருமாம், கண்மாய் எல்லாம் நிறையுமாம் என்று போட்டிருப்பதாக வாசித்தாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.